மண் தண்ணீர் குடிக்கிறதா? இரண்டு பாத்திகளில் பார்த்தது

வீட்டுப் பின்பக்கம் இரண்டு பாத்திகள். ஒன்றை வழக்கம்போலக் கொத்திவிட்டு வெறுமனே விட்டேன். மற்றதைக் கொத்தவே இல்லை. காய்ந்த இலை, வெட்டிய புல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மூடாக்காகப் போட்டு வந்தேன். ஒரு மழைக்காலம் தாண்டியதும் இரண்டையும் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் மண்கட்டி. இரண்டிலிருந்தும் கோலிக்குண்டு அளவுக் கட்டிகளை எடுத்து நிழலில் நன்றாகக் காய வைத்தேன் (ஈரக் கட்டியில் செய்தால் வித்தியாசம் சரியாகத் தெரியாது). கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர், அதற்குள் ஒரு கம்பி வலை, வலைமேல் கட்டி. வெறும் பாத்திக் கட்டி நனைந்ததுமே குமிழி விட்டது. ஓரம் ஓரமாகப் பிய்ந்து வலை வழியே இறங்கி, சற்று நேரத்தில் டம்ளர் முழுக்கக் கலங்கல். மூடாக்குப் பாத்திக் கட்டியும் குமிழி விட்டது, ஆனால் உடையவில்லை. எடுத்துப் பிட்டுப் பார்த்தால் உள்ளே நூல் நூலாக வேர்கள்.

தண்ணீர் வேகமாகப் புகும்போது துளைகளில் சிக்கிய காற்று நெருக்கப்பட்டுக் கட்டியை உடைக்கப் பார்க்கும். வேரின் கசிவு, பூஞ்சை இழை, நுண்ணுயிர்களின் பசை இவை துகள்களைப் பிடித்திருந்தால் கட்டி தாங்கும். இல்லையென்றால் பொடிந்து, அந்த நுண்துகள்களே மேல்துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடு தட்டிவிடும். அப்புறம் மழை பெய்தாலும் உள்ளே இறங்க வழி ஏது?

அடுத்து, 6 அங்குல விட்டமுள்ள குழாய்த் துண்டை மண்ணில் இறக்கி, சுமார் 450 மில்லி தண்ணீர் ஊற்றினேன். ஏறக்குறைய ஒரு அங்குல மழைக்குச் சமம். முதலில் ஊற்றுவது மண்ணை நனைக்க மட்டும், இரண்டாவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மூடாக்குப் பாத்தியில் நான் நிமிர்வதற்குள் பாதி போய்விட்டது. வெறும் பாத்தியிலோ, செடிகளுக்கெல்லாம் தண்ணீர் விட்டுவிட்டு வந்த பிறகும் தேங்கி நின்றது.

சரி, இறங்காத தண்ணீர் எங்கே போகும்? மேல்மண்ணையும் உரத்தையும் வாரிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடும். தாழ்வில் இருப்பவர்களுக்கு வெள்ளமும் சேறும், ஏரிக்கு வண்டல், கோடையில் கிணறுகளுக்கு ஊற்று குறைவு. நாம் உண்பதில் சுமார் 95 சதவீதம் நேராகவோ சுற்றி வளைத்தோ மண்ணிலிருந்துதான் வருகிறது என்று ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு சொல்கிறது. என்னை அதிகம் உறுத்துவது வேறு: ஒரு அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும், இழக்க அவ்வளவு காலம் தேவையில்லை.

மூடாக்கிலும் தொல்லை உண்டு. ஈரத்துக்கு நத்தைகள் வந்து சேர்கின்றன, இரவில் பொறுக்கிப் போட வேண்டியிருக்கிறது. காய்ந்த இலையை மேலே பரப்புவதோடு நிறுத்துவது நல்லது. மண்ணில் புதைத்துக் கலந்தால், அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், செடி கொஞ்ச காலம் வெளுத்துப்போகும்.

இப்போது இரண்டு பாத்தியிலும் வெள்ளைப் பருத்தித் துணித் துண்டுகளைப் புதைத்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து எடுத்து, எது அதிகம் மட்கியிருக்கிறது, அதாவது எந்த மண்ணில் நுண்ணுயிர்கள் அதிகம் வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். அதன்பின் வெறும் பாத்திக்கும் மூடாக்குதான்.