துண்டு இல்லாமல் வண்டி கிடையாது

1984. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். மூத்தவள் என் வயிற்றில் இருந்தாள். ஏழு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. எட்டாம் மாதம் முகம் வீங்கியது. வளையலைக் கழற்ற முடியவில்லை. "நீர் கோத்திருக்கிறது, பார்லித் தண்ணீர் குடி" என்றார்கள் தொழிலாளர் லயத்துப் பெரியவர்கள். தலைவலி மட்டும் விடவில்லை. ஒரு விடியற்காலையில் கண் முன்னே பூச்சி பறந்தது.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் விடுமுறையில் போயிருந்தார். தோட்டத்து வேன் கிளம்ப அவர் எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். என் கணவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து ஓடிப்போய்க் கெஞ்சியும், தோட்டத்து எழுத்தரான கிராணி மசியவில்லை. "துண்டு இல்லாமல் வண்டியை விட்டால் துரைக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். வேன் அலுவலக வாசலில்தான் நின்றது. டிரைவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை. காய்கறி விற்க வந்த சீனக் கிழவர்தான், கூடைகளை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மருத்துவமனையில் தாதி ரத்த அழுத்தம் பார்த்தார்: 170/110. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டது. இது முன்சூல்வலிப்பு (pre-eclampsia), சிறுநீரில் புரதம் இறங்குகிறது, வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, பிள்ளையை வெளியே எடுப்பதுதான் வைத்தியம் என்றார். ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அன்றே அறுவை சிகிச்சை. என் மகள் எடை குறைவாகத்தான் பிறந்தாள், ஆனால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

இப்போது கர்ப்பிணிகளின் அட்டையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று ஆபத்துக்கு ஏற்றபடி குறி வைக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. அது வந்துவிட்டதே என்று நானும் நிம்மதிப்பட்டேன். ஆனாலும் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அந்த எண்ணை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடாத தலைவலி, மங்கும் பார்வை, மேல்வயிற்று வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் எந்தக் கடிதத்துக்கும் காத்திருக்காதீர்கள். முன்பு இந்தக் கோளாறு வந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் முதல் முறை போகும்போதே சொல்லுங்கள். சிறிய அளவில் ஆஸ்பிரின் தரலாமா என்று டாக்டர் பார்ப்பார். பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். வீடு திரும்பிய பிறகும் வலிப்பு வரலாம்.