உதவியாக இருந்தார்

எங்கள் கம்பனியில் யார் வேலையை விட்டுப் போனாலும் அவருக்கான சேவைக் கடிதத்தை நான்தான் அடிப்பேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், பதவி, இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை, நடத்தை திருப்திகரம். அடித்து, பிரிண்ட் எடுத்து, மனேஜரின் மேசையில் கையெழுத்துக்கு வைக்க ஐந்து நிமிடம் போதும். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

நாலு வருடமும் நாலு மாதமும் என் மகளைப் பார்த்த அக்காவுக்கு அதே கடிதத்தை எழுத எனக்கு மூன்று இரவு பிடித்தது. அதுவும் சரியாக வரவில்லை.

2024 பெப்ரவரியில் ஒருநாள் பின்னேரம், நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டார். "மிஸ், ஒரு லெட்டர் வேணும். டே கெயார்ல கேக்குறாங்க. எவ்வளவு நாள் புள்ள பார்த்தேன்னு." தெஹிவளைப் பக்கத்தில் ஒரு டே கெயாரில் இடம் இருப்பதாகவும் அங்கே ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பிடிப்பார்கள் என்றும் ஒரு மாதம் முன்னமே சொல்லியிருந்தார். மகள் மொன்டிசோரிக்குப் போகிறாள், அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டா. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை. "அதுக்கென்ன அக்கா, தாறன்" என்றேன்.

இரவு கணவரிடம் சொன்னபோது அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யோசிச்சுச் செய். கையெழுத்துப் போட்டுக் குடுத்தால் நாளைக்கு லேபர் ஒஃபிஸிலை கொண்டுபோய் நீட்டலாம்" என்றார். அவரைக் கெட்டவராகக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அக்காவின் மகனுடைய ஏ.எல். டியூஷன் காசை ஒரு வருடம் கட்டியவர் அவர்தான். அதை அக்காவிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதும் இல்லை. ஆனால் இப்படி ஒரு பயம் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் இருக்கிறது. வாயால் எதையும் சொல்லலாம், கொடுக்கலாம். காகிதத்தில் வந்தால் வேறு கதை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கேவலம். ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் ஊழியரின் எட்டு வீதத்தையும் முதலாளியின் பன்னிரண்டு வீதத்தையும் கணக்குப் பார்த்து அனுப்புகிறவள் நான். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. வீட்டு வேலை அதற்குள் வராது. 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டத்துக்கு 15 பேராவது வேலை செய்யும் இடம் வேண்டும், ஐந்து வருட சேவை வேண்டும். வீட்டு வேலையாளைப் பெயர் சொல்லியே அது வெளியே விட்டிருக்கிறது. அதாவது நான் "பணிபுரிந்தார்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் அந்த இரண்டு சட்டத்தையும் காட்டி யாரும் எங்களிடம் ஒரு சதம் கேட்டிருக்க முடியாது. அந்த இரவு இதையெல்லாம் கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களைப்பு என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் அவருடைய பயம் எனக்கும் கொஞ்சம் வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஒஃபிஸில் எல்லாம் இங்கிலிஷ். இதைத் தமிழில் எழுதினேன், அவர் வாசிக்கட்டும் என்று. மூன்றாம் இரவு வந்த வடிவம் இதுதான்: "மேற்படி பெயருடையவரை 2019ஆம் ஆண்டு முதல் நான் அறிவேன். எமது குடும்பத்தில் ஒருவராக இருந்து எமது மகளின் பராமரிப்பில் உதவியாக இருந்தார். அன்பும் நேர்மையும் உள்ளவர்." வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்ல கடிதம் எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அடுத்த நாள் காலை, குசினி வாசலில் நின்று கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, காகிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்து வாசித்தார். உதடு அசைந்தது. ஒருமுறை முடித்துவிட்டுத் திரும்பவும் மேலிருந்து தொடங்கினார். பிறகு, கறியில் உப்புப் பார்த்துச் சொல்கிற மாதிரி, "வேலை செஞ்சேன்னு ஒரு எடத்துலயும் வரலியே மிஸ்" என்றார்.

"நீங்கள் எங்கட வீட்டு ஆள்தானே அக்கா. அதுதான் அப்பிடிப் போட்டனான்."

"சரி மிஸ்."

நாலாக மடித்து, ஐடி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது, உள்ளே போனார். அவ்வளவுதான். கோபப்படவில்லை, முகம் மாறவில்லை. மாறியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். விளக்கம் சொல்லியிருப்பேன், கட்டிப்பிடித்திருப்பேன், அன்றைக்கே வேறு கடிதம் அடித்திருக்கவும் கூடும். அந்த "சரி மிஸ்"ஐ என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மிஸ் என்பதையும் சொல்ல வேண்டும். வந்த முதல் நாளே, "என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிடுங்கோ, நீங்கள் மூத்தவ" என்று சொன்னேன். மகளுக்கு அவரைப் பெரியம்மா என்று பழக்கியதும் நான்தான். மகள் கூப்பிட்டாள். அவர் என்னைக் கடைசிவரை மிஸ் என்றேதான் கூப்பிட்டார். மலையகத்து ஆட்களின் மரியாதை என்று நான் அதைப் பெருமையாக வெளியில் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், எங்கள் இரண்டு பேரில் இது வேலை என்று ஒழுங்காக நினைவு வைத்திருந்தவர் அவர் மட்டும்தானோ என்று தோன்றுகிறது.

ஏனென்றால் எங்களுக்கு அது மறந்துபோகும். பிரசவ லீவு 84 நாளும் முடிந்து நான் திரும்பி வேலைக்குப் போன வாரம் வந்தவர். காலை ஏழரையிலிருந்து பின்னேரம் ஆறு மணி, சம்பளம் 22,000, ஞாயிறும் பௌர்ணமிப் போயாவும் லீவு. வாயால் பேசியது அவ்வளவு. கிருலப்பனையில் தங்கையின் அறையிலிருந்து வந்து போனார். மகன் மஸ்கெலியாவில் பாட்டியிடம். பிறகு 2020 மார்ச் 20 ஊரடங்கு வந்தது. ஒரு பை உடுப்போடு எங்கள் வீட்டில் நின்றவர், மே 26இல் கொழும்புக்கு ஊரடங்கு தளர்ந்த பிறகுதான் போனார். அறுபத்தேழு நாள். ஏழரை ஆறு எல்லாம் எங்கே? இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதாலும் முதலில் எழும்பியவர் அவர்தான். மாதம் ஐயாயிரம் கூடக் கொடுத்து அதற்குக் "கைச்செலவு" என்று பேர் வைத்தேன். ஒஃபிஸில் யாராவது ஒருவரை அப்படி வேலை வாங்கிவிட்டு ஓவர்டைமைக் கைச்செலவு என்று எழுதினால் நான் விட்டிருப்பேனா? ஆனால் அந்த நேரம் யார்தான் கணக்குப் பார்த்தது. அவரும் சாப்பிட்டார், நாங்களும் சாப்பிட்டோம், கரம் போர்ட் விளையாடினோம். அந்த அறுபத்தேழு நாளும் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

2022ஐப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் பட்டதுதான். மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, லிஃப்ட் இல்லை. பால்மா 400 கிராம் பக்கெட் 790 ரூபாய்க்குப் போயிருந்தது, அதற்கும் வரிசை. ஒரு கையில் பக்கெட்டும் இடுப்பில் மூன்று வயது ஆகப்போகிற பிள்ளையுமாக ஐந்தாம் மாடிக்கு ஏறி வருவார். வந்ததும் என் பழைய ஃபைல் மட்டை ஒன்றால் பிள்ளைக்கு விசிறுவார். அந்த மட்டையில் எங்கள் கம்பனியின் பெயர் அச்சடித்திருக்கும்.

அவரைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த ஒரே காகிதம் ஐடியின் ஃபோட்டோ கொப்பி. அதை வாங்கியதும் முதல் நாளில் இல்லை. 2021 ஜூலையில் மலையகத்து டயகமையிலிருந்து வந்த பிள்ளை கொழும்பில் வேலைக்கு நின்ற வீட்டில் தீக்காயங்களோடு இறந்துபோன செய்தி வந்த பிறகு, தொடர்மாடிக் கமிட்டி எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ் அனுப்பியது, வேலையாட்களின் ஐடி கொப்பி வேண்டும் என்று. அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயது. செத்தது வேலைக்கு வந்த பிள்ளை, விபரம் கேட்டது வேலைக்கு வருகிறவர்களிடம். நானும் கேட்டு வாங்கி, கமிட்டிக்கு ஒன்று கொடுத்து, ஒன்றை எங்கள் அலுமாரியில் வைத்தேன். அந்த வாரம் முழுக்க அக்கா அதிகம் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

1871ஆம் ஆண்டின் வீட்டு வேலையாட்களைப் பதியும் சட்டம் ஒன்று இருக்கிறது. பிறகொரு நாள் அதைத் தேடி வாசித்தேன். வேலையாளைப் பதிய வேண்டும், அவர் கையில் ஒரு சின்னப் பதிவுப் புத்தகம் இருக்க வேண்டும், வேலையை விட்டுப் போகும்போது எசமான் அதில் திகதியும் நடத்தையும் எழுத வேண்டும். வேலையாள் மேல் கண் வைத்திருக்கத்தான் வெள்ளைக்காரன் அதைக் கொண்டுவந்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் குதிரை பார்க்கிறவனுக்குக்கூட எத்தனை நாள் வேலை செய்தான் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. என் கடிதத்தில் அதுகூட இல்லை. "2019 முதல் நான் அறிவேன்." பக்கத்து வீட்டுக்காரியையும் எனக்கு 2019இலிருந்து தெரியும்.

டே கெயாரில் அவரை எடுத்தார்கள். இரண்டு கிழமை கழித்து ஃபோன் பண்ணினார், மகளைப் பற்றிக் கேட்டார். நான்தான் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "இது நல்லவங்கன்னு குடுக்கிற லெட்டராம் மிஸ், வேலை செஞ்ச லெட்டர் இல்லையாம். பரவாயில்ல, புதுசா சேர்ந்த மாதிரி எடுத்துக்கிட்டாங்க." எங்களிடம் கடைசியில் வாங்கியது 38,000. அங்கே தொடக்கம் அதைவிடக் குறைவு, ஈ.பி.எஃப். கழித்தால் இன்னும் குறைவு. நல்ல கடிதம் கொடுத்திருந்தாலும் அவர்கள் கீழிருந்துதான் தொடங்கியிருப்பார்கள் என்று ஒஃபிஸில் ஒரு தோழி சொன்னாள். இருக்கலாம். ஆட்களை எடுக்கும் மேசையில் இருக்கிறவள் நான், அப்படி நடப்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சமாதானம் பகலில் மட்டும்தான் வேலை செய்கிறது.

அந்த மாதமே இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். படிக்காமலே, செய்த வேலையைக் காட்டி என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது, அதற்கும் உதவட்டும் என்று விபரமாக எழுத நினைத்தேன். அலுமாரியில் அவருடைய சி.ஆர். கொப்பிகளை, அந்தத் தடித்த மட்டை போட்ட கொப்பிகளை, தேடி எடுத்தேன். மகளின் முதல் சட்டை, மருத்துவமனைக் கைப்பட்டி, தொப்புள்கொடி எல்லாம் வைத்திருக்கும் பெட்டிக்குள் இருந்தன. நான் கேட்காமலே முதல் நாளிலிருந்து எழுதிவந்தவை. ஒரு பக்கம்:

"9.40 பால் 150. 30 மிச்சம். 11.15 வயித்தால போச்சு, மஞ்ச. 12.30 சோறு பருப்பு ஆறு வாய். 1.10 இருந்து 2.50 நித்திரை. எடது காது பக்கம் கொசுக்கடி."

இப்படி மூன்று கொப்பி. நான் அதை மகளின் ஞாபகப்பொருள் என்று எடுத்துவைத்திருந்தேன். அது அவருடைய வேலைப் பதிவு. என்னுடைய எந்தக் கடிதத்தையும்விட அதைத்தான் அவர் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும். கொடுக்கலாம்தான். ஆனால் பிள்ளையின் முதலாவது வருடம் வேறெங்கும் எழுதப்படவில்லை. ஃபோட்டோ கொப்பி எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், யார் யாருக்கு ஃபோட்டோ கொப்பியைக் கொடுப்பது என்பதில் கொஞ்ச நாள் போயிற்று.

இரண்டாவது கடிதத்தில் "பிள்ளைப் பராமரிப்பாளராகப் பணிபுரிந்தார்" என்று எழுதினேன், திகதிகளும் போட்டேன். கடமை நேரம் என்ற இடத்தில் கை நின்றது. ஏழரை முதல் ஆறு என்று எழுதினால் அறுபத்தேழு நாள் எங்கே போகும்? அந்த வரியையே எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு, வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வாறேன் மிஸ்" என்றார். வரவில்லை. நானே தெஹிவளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம், பஸ்ஸில் பத்து நிமிடம். கடிதம் கொப்பிகளோடு பெட்டிக்குள் இருக்கிறது.

போன வருடம் மகன் பிறந்தான். இப்போது அவனைப் பார்க்க இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து நிற்கிறாள், இருபத்தாறு வயது. இந்தமுறை முதலிலேயே எல்லாவற்றையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். நேரம், லீவு, சம்பளம் எல்லாம் போட்டு ஒரு நியமனக் கடிதம் ஒஃபிஸ் கொம்பியூட்டரில் அடித்து வைத்திருக்கிறேன். ஆள் எப்படி என்று முதலில் மூன்று மாதம் பார்ப்போம், பிறகு கொடுக்கலாம் என்று கணவர் சொன்னார். சரி என்றேன். இது ஐந்தாவது மாதம்.