கும்புக்கன் ஓயாக் கரையில் இரண்டு இரவு

கொழும்பிலிருந்து குமன தேசியப் பூங்காவுக்குக் கூடாரம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் பத்தரமுல்லை வனஜீவராசிகள் திணைக்களத்தில் முகாம் இடத்தைப் பதியுங்கள். அதன் பிறகு முழு யோசனையும் தண்ணீரைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லீற்றர். நாலு பேர், மூன்று நாள் என்றால் 72 லீற்றர். 20 லீற்றர் கேன் நாலு எடுங்கள். ஒரே பெரிய பரல் வேண்டாம், வெடித்தால் எல்லாமே போய்விடும். டீசலைப் பொத்துவிலிலேயே நிரப்புங்கள்.

முகாம் ஓரத்துக் கும்புக்கன் ஓயா ஆறு வற்றிக் கிடக்கும்போது வெண்மணல் படுக்கை ஆசை காட்டும். அதில் கூடாரம் அடிக்கவே கூடாது! மொனராகலைப் பக்கம் கொட்டும் மழை, இங்கே வானம் வெளித்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். கரைமேட்டில் அடியுங்கள், காய்ந்த மருதங்கொப்புக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

இளகிய மண்ணில் கம்பி முளை நிற்காது, ஒரு காற்றுக்கே பிடுங்கிக்கொள்ளும். வெறும் அரிசிப் பையில் மணல் நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். அசையாது.

வாழைப்பழம், மாம்பழம், கரும்பு எதுவும் கொண்டுபோகாதீர்கள். யானைக்கு வாசம் போதும், ஜீப் கண்ணாடி அதற்கு ஒரு தடையே இல்லை. முதலை இருக்கும் ஆறு, பிள்ளைகளைத் தண்ணீர் ஓரத்தில் குனிய விடாதீர்கள். சட்டி கழுவக் கயிறு கட்டிய வாளியால் அள்ளுங்கள்.

மணலில் ஜீப் புதைந்தால் அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்து, மெதுவாக எடுங்கள். திரும்ப அடிக்கக் காற்றுப் பம்பும் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.