தவில், பறை, டிரம்ஸ்: தை மாத மேடைக் குறிப்புகள்

ஜனவரி 22

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு பள்ளி மைதானத்தில் கச்சேரி. ராக் இசைக்குழுவோடு இரண்டு தவில், ஆறு பறை, ஒரு உறுமி. நடுவே காளி வேடமிட்டவர்கள் ஆடும் பச்சைக்காளி, பவளக்காளி ஆட்டம். மேடை 40-க்கு 24 அடி.

வண்டல் மண், மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம். மேடைக்கால் ஒவ்வொன்றின் கீழும் பலகை வேண்டும். இல்லாவிட்டால் காளி குதிக்கிற குதியில் ஒரு மூலை இறங்கிவிடும். டிரம்ஸ்காரர்தான் அதை முதலில் உணர்வார்: காலால் மிதிக்கும் கிக் பெடல் முன்னே நகரத் தொடங்கும்.

சப்-ஊஃபர்களை (கனத்த தாழ் ஒலிக்கான ஸ்பீக்கர்களை) மேடைக்கு அடியில் தள்ளவே கூடாது. பிளைவுட் தளம் அதிர்ந்து, அந்த அதிர்வு ஸ்டாண்டு வழியாகத் தவில் மைக்கில் ஏறி ஊளையிடும். தரையிலேயே, மேடை விளிம்பிலிருந்து ஆறடி முன்னால் வைத்தாயிற்று.

ஜனவரி 23

இன்று முழுக்கத் தோல் வேலை. இப்படிப்பட்ட கச்சேரியில் டிரம்ஸுக்கு ஏற்பத் தவிலையும் பறையையும் திருத்தப் பார்க்கிறார்கள். தோலுக்கு ஏற்ப டிரம்ஸை வைப்பதுதான் சரி. டிரம்ஸின் பிளாஸ்டிக் தோலைப் பனி அசைக்காது. பறைத் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். மாலை ஐந்து மணி சவுண்ட் செக்கில் கணீரென்று கேட்ட பறை, எட்டரைக்கு மொத்தென்று விழும். மிக்ஸரில் எவ்வளவு திருகினாலும் அந்தக் கணீர் வராது.

அதனால் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் டீசலுக்கு எட்டாத தூரத்தில், மண் சட்டியில் தணல். பறையை ஒரு முழ உயரத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே காட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மட்டும் இறுகிக் கிழியும். அதிகம் காய்ந்தால் விளிம்பில் புளியங்கொட்டைப் பசை விட்டுப்போகும். விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை ஏறுவது நின்றதும் எடுத்துவிட வேண்டும். ஆறு பேருக்கு ஒன்பது பறை: ஆறு கையில், மூன்று தணலில். இரும்பு வளையத்தில் ஃபைபர் போட்ட பறைக்குக் காய்ச்சல் வேண்டாம். ஆனால் அதில் அடிக்குச்சியின் கனம் வராது, கீச்சென்றுதான் கேட்கும். இந்த மேடைக்கு அது வேண்டாம் என்று முடிவு.

தவிலின் வலது முகமான வலந்தலையும் டிரம்ஸின் ஸ்நேர் டிரம்மும் காதில் ஒரே இடத்தில் மோதும். ஸ்நேரைத் தணித்து வைத்தோம். தவிலுக்கு இரண்டு மைக். கூடு (விரலுறை) போட்ட விரல்கள் விழும் வலந்தலைப் பக்கம் எஸ்எம்57 மைக், நாலு விரற்கடை தள்ளி, கை வீச்சுக்கு வெளியே. பூவரசங்கம்பு விழும் இடது முகமான தொப்பிப் பக்கம் கிக் டிரம் மைக்.

ஜனவரி 24

ஒத்திகை. சிக்கல் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில். தவில் ஏழில் போகிறது, டிரம்ஸ் நாலில். 28 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒன்றாய் வந்து விழும். நிமிடத்துக்கு 140 அடி வேகத்தில் அது சரியாக 12 விநாடி. காளி திரும்பும் இடங்களை அந்த 12-இன் மடங்கில் வைத்ததும் ஆட்டம் தானாக உட்கார்ந்துவிட்டது. வேகம் காட்டும் கிளிக் ஒலி டிரம்ஸ்காரர் காதுக்கு மட்டும். தவில்காரருக்கு அதைக் கொடுத்தால் கோர்வையில் (முடிப்புச் சொற்கட்டில்) அவர் எடுக்கும் மூச்சு போய்விடும்.

35 மீட்டர் தள்ளி வைத்த பின்வரிசை ஸ்பீக்கருக்கு 100 மில்லிவிநாடி தாமதம் கொடுத்தோம். மேடைச் சத்தம் அங்கே போய்ச் சேர அவ்வளவு ஆகும். அந்த வேகத்தில் அது தாளத்தின் ஓர் அடியில் ஏறக்குறைய கால் பங்கு. கொடுக்காவிட்டால் பின்னால் நிற்பவருக்கு ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும்.

ஜனவரி 25

வெளி மைதானத்தில் இரவு பத்துக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். 6.30-க்குத் தொடங்கி 9.45-க்கு முடிக்கிற கணக்கு.

பார்க்க வருபவர்களுக்கு: மிக்ஸர் பந்தலுக்கு ஒட்டி முன்னால் நில்லுங்கள், ஒலி அங்கேதான் சமன். 100 டெசிபலில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். சப்-ஊஃபர் முன்னால் குழந்தைகளை நிறுத்தாதீர்கள். காதடைப்பான் போட்டாலும் தவிலின் சொல் தெளிவாகவே கேட்கும்.

காளிகள் கூட்டத்தின் நடுவே பத்தடி அகலப் பாதையில், பறையோடு வருவார்கள். அவர்கள் மேடை ஏறும்வரை டிரம்ஸ் வாய் திறக்கக் கூடாது, உறுமியின் உராய்வு மட்டும். பாதி வழியில் டிரம்ஸ் சேர்ந்தால் பக்கத்துப் பறையும் ஸ்பீக்கரும் வெவ்வேறு நேரத்தில் கேட்டுத் தாளம் குலையும். மேடையில் சலங்கை சிம்பல் மைக்குகளில் கொட்டும். காளி ஆடும் நேரமெல்லாம் அந்த மைக்குகளைப் பாதிக்கு இறக்க வேண்டும். புகைக்குச் சாம்பிராணிதான், ஆனால் தவில்காரர் பக்கம் காற்றடித்தால் சட்டியை இடம் மாற்றுங்கள்.

இரவு 11.30

நாளை காலை இதே மைதானத்தில் கொடியேற்றம், அதனால் இரவே பிரிப்பு. பறைகளைத் துணியால் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் ஏற்றினோம். ஈரத்தோடு தார்ப்பாய்க்குள் கட்டிப்போட்டால் பூஞ்சை பிடிக்கும். அடுத்த மேடைக்குத் தணல் சட்டி இரண்டு வேண்டும். எட்டு மணிக்கு மேல் ஒன்று போதவில்லை.