தசையின் அளவு இல்லாத வெம்ப் ரிப்போர்ட்

பாலக்காட்டில் காது, தலைசுற்றல் பரிசோதனை செய்வது என் வேலை. வெம்ப் (VEMP) என்பது உட்காதின் சமநிலை உறுப்பைச் சத்தம் கொடுத்துச் சோதிக்கும் டெஸ்ட். யார் அதன் ரிப்போர்ட்டைக் கொண்டு வந்தாலும் நான் முதலில் தேடுவது, கழுத்துத் தசை எவ்வளவு இறுகியிருந்தது என்ற அளவைத்தான். பல ரிப்போர்ட்டுகளில் அது இருக்காது.

காது டெஸ்ட்டில் கழுத்துக்கு என்ன வேலை? உட்காதில் சாக்யூல் என்று ஒரு சின்னப் பை. பலத்த சத்தம் அதை உசுப்பும். உடனே அதே பக்கத்துக் கழுத்துத் தசை, காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்குச் சாய்வாக இறங்குமே அது, கண நேரம் இறுக்கத்தை விடும். 500 ஹெர்ட்ஸ் சத்தம் கொடுத்தால் 13, 23 மில்லிசெகண்ட் வாக்கில் ஒரு மேடும் பள்ளமுமாக அலை வரும். சிட்னியில் கோல்பாட்சும் ஹல்மாகியும் 1992-இல் இதைப் பற்றி எழுதினார்கள். தசை இறுகியிருந்தால்தானே விடுவதற்கு ஏதாவது இருக்கும்? ஓடாத மோட்டாரை நிறுத்திக் காட்ட முடியாது. எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு பெரிய அலை.

வேலந்தாவளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் தலைசுற்றல் என்று வந்தார். வேறு ஊரில் எடுத்த ரிப்போர்ட்டில் 'வலது சாக்யூல் பலவீனம்' என்று ஒரே வரி. "ஏனுங்க, வலது காது செத்துப்போச்சுங்களா? இனிமே மூட்டை தூக்க முடியாதா?" என்று கேட்டார். வருஷக்கணக்காக வலது தோளில் சுமந்தவர். மல்லாந்து படுக்க வைத்து, "அண்ணா, தலையைத் தூக்கி இடப்பக்கம் திரும்புங்க" என்றேன். பாதி திரும்பியதும் முகம் சுளித்தது. வலது தசை இறுக வேண்டிய நிலை அது, வலி விடவில்லை.

இடது அலை 150 மைக்ரோவோல்ட், வலது 60. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 43 சதவீதம்; இதை மட்டும் பார்த்தால் யாரும் வலது காதைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் சத்தம் வருவதற்கு முன்பே தசை எவ்வளவு இறுகியிருந்தது? இடது 120 மைக்ரோவோல்ட், வலது 52. அலையைத் தசையால் வகுத்தால் 1.25, 1.15. வித்தியாசம் 4 சதவீதம்தான். "காதுக்கு ஒண்ணும் ஆகலைண்ணா, கழுத்துதான்" என்றதும் அவர் விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது. சுற்றல் எதனால் என்பதை அப்புறம் டாக்டர் தனியாகப் பார்த்தார்.

வகுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். தசை ரொம்பத் தளர்ந்திருந்தால் அலையே இரைச்சலில் முங்கிவிடும், வகுக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் தசை இறுக்கத்தைக் காட்டும் திரையை நோயாளி பக்கம் திருப்பி, அதில் ஒரு கோட்டைக் காட்டி, இறுக்கத்தை இதற்கு மேலேயே பிடித்திருங்கள் என்று சொல்வது நல்லது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே இறுக்கம் வர வேண்டும். நடுவில் ஓய்வு கொடுங்கள். வயதானவர்களுக்குக் கழுத்து சீக்கிரம் தளர்ந்துவிடும். நடுக்காதில் அடைப்பு இருந்தாலும் அலை வராது, அதையும் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட் எழுதுகிற தம்பி தங்கைகளே, ஒவ்வொரு அலைக்குப் பக்கத்திலும் தசையின் மைக்ரோவோல்ட்டை எழுதுங்கள். உங்கள் மெஷின் அதைக் காட்டவில்லை என்றால், 'காட்டவில்லை' என்றே எழுதிவிடுங்கள்.