மறுதேர்வில் தேறியவன் சொல்வது: பெட்டிக்கு வெளியே எழுதுங்கள்

இணையதள இடைமுக வடிவமைப்புத் தேர்வின் முடிவு நேற்று முன்தினம் வந்தது, இம்முறை தேறிவிட்டேன். சென்ற ஆண்டு என்னுடன் எழுதியவர்கள் இங்கே மொரீசியசின் எபென் சைபர் நகரில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பிறகும், செய்முறைத் தாளுக்காக மட்டும் ரோஸ் ஹில்லில் இருந்து பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த கசப்பு இன்னும் தீரவில்லை.

கருத்தியல் தாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல இடைமுகத்துக்கென்று நீல்சன் 1994இல் வகுத்த பத்து நெறிகளையும், இலக்கு சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் அதை எட்ட அதிக நேரமாகும் என்று சொல்லும் 1954ஆம் ஆண்டின் ஃபிட்ஸ் விதியையும் வரையறையாக ஒப்பிக்காமல், ஒவ்வொன்றுக்கும் நீங்களே பார்த்து எரிச்சலடைந்த ஒரு பக்கத்தை எடுத்துக்காட்டாக எழுதினால் போதும்.

செய்முறைத் தாளில் நான் தோற்றதற்குக் காரணம் ஒன்றே. பக்கம் தூய்மையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், பதிவுப் படிவத்தின் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 'குடும்பப் பெயர்', 'தனிப்பெயர்' என்று வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதிவிட்டு, வெளியே லேபிள் எதையும் வைக்கவில்லை. ஓர் எழுத்தைத் தட்டியதுமே அந்தச் சொல் மறைந்துவிடும் என்று தேர்வாளர் குறித்திருந்தார். பழைய காலத்து ஆள் என்று பல வாரங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் கோவிலில் தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய ஒரு பக்கம் செய்தபோது, அதே பாணியில் வரைந்த படிவத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். பாதியில் தொலைபேசி ஒலித்தது, பேசிவிட்டுத் திரும்பியவர், "இந்தப் பெட்டியில் எதைக் கேட்டிருந்தாய்?" என்று கிரியோலில் கேட்டார். எட்டு இலக்கம் இருந்ததால் கைப்பேசி எண்ணை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் அவருடைய பேரனின் குடும்பப் பெயர், தனிப்பெயர் இரண்டுமே முருகன் பெயர்கள் என்பதால், எதை எங்கே இட்டோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. நம் தீவில் இது அரிதான குழப்பமன்று. தேர்வாளர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே, மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்:

- லேபிள் பெட்டிக்கு மேலே, எப்போதும் தெரியும்படி.
- உதாரணம் காட்டவேண்டுமென்றால், அதையும் பெட்டிக்கு வெளியே.
- சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் வெளிர் சாம்பல் இங்கேயே விழுந்துவிடும்.
- பிழையைச் சிவப்பால் மட்டும் காட்டாதீர்கள். "எண்ணில் 8 இலக்கம் வேண்டும், 7 உள்ளது" என்று எழுதுங்கள்.
- 2023இல் வந்த இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டல் (WCAG) 2.2, தொடும் இடத்துக்குக் கேட்பது 24 பிக்சல். நான் 44 வரைகிறேன், என் விரல் தடித்தது.

இவ்வாண்டு வினாவில் மும்மொழிப் பக்கமும் இருந்தது. பக்கத்து மேசை நண்பர் மொழி மாற்றும் பட்டன்களுக்குக் கொடிகளை வரைந்ததாகப் பின்னர் சொன்னார். தமிழுக்கு எந்தக் கொடியை வரைவது? மொரீசியசில் பிறந்து தமிழ் படிக்கும் ஒருவருக்கு இந்தியக் கொடி எப்படிப் பொருந்தும்? நான் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் எழுத்திலேயே எழுதினேன். வரிசைக்கான காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்தேன். 1998இல் வெளியிடப்பட்ட மொரீசியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தி இடம்பெற்றதால் எழுந்த எதிர்ப்பையும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு மறு ஆண்டே தமிழ் முன்னே வரும்படி மாற்றி வெளியானதையும் அறிந்த எவரும், எது முதலில் நிற்கிறது என்பதை வெறும் அழகு சார்ந்த முடிவாக எண்ணமாட்டார்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு இன்னொன்று: 'அனுப்பு' என்று எழுதக்கூடிய இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதி, பட்டனுக்குள் சொல்லை இரண்டாக உடைக்காதீர்கள். சுருக்கமான வினைச்சொல் மரியாதைக் குறைவென்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நேரப் பங்கீட்டைப் பொறுத்தவரை, நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நான் முழுப் பக்கத்தையும் பென்சிலில் வரைந்து, டேப் விசை எந்த வரிசையில் நகரும் என்று எண்களிட்டுப் பார்த்த பின்னரே வண்ணத்தைத் தொட்டேன். பொறுமையற்றவர்களுக்கு இம்முறை ஒத்துவராமல் போகலாம். இறுதி இருபது நிமிடங்களில், பாதியில் எழுந்துபோய்த் திரும்பிய பெரியம்மாவாக என்னை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியையும் மீண்டும் படித்தேன். மூன்றாவது பெட்டியில் லேபிள் விடுபட்டிருந்தது.