சத்துவாச்சாரியா, காந்தி நகரா?

5 மே 2024, ஞாயிறு

வீட்டைக் காலி செய்ய உரிமையாளர் கொடுத்த கெடு ஜூலை முதல் வாரத்தோடு முடிகிறது. ஆடி பிறந்துவிட்டால் அம்மா எந்த வீட்டிலும் பால் காய்ச்ச ஒப்ப மாட்டார் என்பதால் ஆனிக்குள் குடிபோயாக வேண்டும். வேலூரில் பாலாற்றுக்கு வடக்கே காந்தி நகர், தெற்கே சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு. தேடலை இவ்விரண்டோடு நிறுத்திக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

11 மே, சனி

காந்தி நகர் பார்த்தவுடன் பிடித்துப்போகும் ஊர். தெருக்கள் நேர்கோட்டில் ஓடுகின்றன. கத்திரி வெயிலிலும் மரநிழலில் நின்று தரகரோடு பேச முடிந்தது. வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்கு ரயிலேறும் எனக்குக் காட்பாடி சந்திப்பு இவ்வளவு அருகில் இருப்பது பெரிய கவர்ச்சிதான். ஆனால் வாடகையைக் கேட்டதும் மூச்சடைத்தது. "வி.ஐ.டி. காலேஜ் பசங்க நாலு பேர் சேர்ந்தா இதைவிடக் கூடவே கொடுப்பாங்க சார்" என்றார் தரகர். குடும்பத்துக்கு விடுவதையே ஒரு சலுகையாகச் சொல்லும் அந்தத் தொனி எனக்கு உவப்பாக இல்லை.

12 மே, ஞாயிறு

சத்துவாச்சாரி வீடு மாடியில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கும் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் சுட்டது. பகலெல்லாம் வெயில் குடித்த மலைப்பாறையும் மொட்டைமாடியும் இரவில்தான் அதைத் திருப்பித் தருகின்றன. குளியலறைக் குழாயின் வாயைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கீழ்வீட்டு அம்மாள், "போர் தண்ணி துவைக்கத்தான் தம்பி ஆகும். காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு சம்ப்பை ரொப்பிக்கணும்" என்று சொல்லி, மூடியைத் தூக்கி ஆழத்தையும் காட்டினார். உரிமையாளர் சொல்லாததை அவர் சொன்னார்.

பெங்களூரு நெடுஞ்சாலை இந்தப் பகுதியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. பார்த்த வீடு ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பக்கத்தில் இல்லை என்பதால், அங்கு வேலை இருந்தால் சாலையைக் கடந்தாக வேண்டும். எங்களுக்கு அது என்றைக்கோ ஒரு நாள் வேலை.

15 மே, புதன்

சி.எம்.சி. மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் மனைவி, "வீட்டை நிறையப் பார்த்தாகிவிட்டது, வழியைப் பார்ப்போம்" என்றாள். காலை எட்டரைக்குக் காந்தி நகரிலிருந்து வண்டியில் கிளம்பினோம். சித்தூர், குடியாத்தம் பேருந்துகளும், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலில் வந்திறங்கிய நோயாளிகளை ஏற்றிய ஆட்டோக்களும் பாலத்தை நோக்கி ஒன்றாகவே வந்து சேர்ந்தன. கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிய ஆறு இதுதான் என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். எங்கள் முன்னால் நின்ற ஆட்டோவில், மடியில் எக்ஸ்ரே உறையை அணைத்திருந்த முதியவர் எங்களைவிடப் பொறுமையாக இருந்தார்.

சத்துவாச்சாரியைப் போலவே மருத்துவமனையும் ஆற்றுக்குத் தெற்கேதான்; வீடும் அந்தக் கரையிலேயே இருந்தால் இந்தப் பாலம் அவளுக்குத் தேவையே இல்லை. வாரத்தில் ஆறு நாள் அவளும், இரண்டு நாள் நானும் வெளியே போகிற வீட்டில், யாருடைய வழி சுருங்க வேண்டும் என்பதில் எனக்கு வாதமில்லை. இரவுப் பணி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு அந்த நெரிசலில் அவள் எதிர்த்திசையில் வண்டியோட்டி வருவதை நினைத்தால், காந்தி நகர் மரநிழல் எனக்கு இனிக்கவில்லை.

19 மே, ஞாயிறு

சத்துவாச்சாரி வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்துத் தர உரிமையாளர் முதலில் தயங்கினார். பாதிச் செலவை நான் ஏற்பதாகச் சொன்ன பிறகு இசைந்தார். குடிநீருக்குத் தனியாக ஒரு தொட்டி வைத்துக்கொள்ளவும் அனுமதித்தார். சென்னை போகும் இரண்டு நாளும் விடியும் முன்பே பாலத்தைத் தாண்டி, வண்டியைக் காட்பாடி நிலையத்தில் விட்டுவிட்டு ரயிலேறுவது என் பாடு.